துளை போடாத வள்ளம்

உட்காருங்கள் தம்பி. அந்தப் பக்கம் வெயில் வரும், இப்படி நிழலுக்கு வாருங்கள். மருமகள் இறால் கம்பெனிக்குப் போயிருக்கிறாள். வேன் வந்து இறக்கிவிடுகிற நேரம்தான். அதுவரைக்கும் அந்தத் துளைபோடுகிற மிஷின் பையிலேயே இருக்கட்டும். பை தொங்குகிற கனத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, உள்ளே என்ன இருக்கிறதென்று. வள்ளத்தைத் தட்டிப் பாருங்கள். ஏறி நின்று குதித்துக்கூடப் பாருங்கள். துளை மட்டும் வேண்டாம்.

விலை ஒரு லட்சம். போனில் அவள் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். "வந்து பாருங்க அண்ணே, பேசிக்கிடலாம்" என்றிருப்பாள். பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை. நாங்கள் வாங்கிய விலை அது. அதற்கு ஒரு ரூபாய் கூடவும் கேட்க மாட்டேன், குறையவும் விட மாட்டேன்.

சிரிக்கிறீர்கள். பழைய வள்ளத்தை வாங்கின விலைக்கே விற்கிற ஆளை எங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள்.

என் பெயர் சந்தியாகு. இந்தக் கரையில் விசாரித்துப் பாருங்கள். இப்போது விசாரித்தால் வேறு கதை சொல்வார்கள். முன்னே என்றால், இங்கே எவனும் என்னைக் கூப்பிடாமல் பழைய வள்ளம் வாங்கினதில்லை. "சந்தியாகு அண்ணன் தட்டிப் பார்த்தாச்சா?" என்பார்கள். விரல் முட்டியால் தட்டுவேன். முன்பக்கத்து அணியத்தில் தொடங்கிப் பின்பக்கம் வரைக்கும் தட்டிக்கொண்டே வருவேன். எங்கே சத்தம் மங்குகிறதோ அங்கே பழுது. யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடமும் இல்லை, ஆசானும் இல்லை. மர வள்ளம் ஓடிய காலத்திலிருந்து தட்டித் தட்டிக் கேட்டுக் கேட்டு வந்தது. ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டேன். "வாங்கு" என்பேன், அல்லது "வேண்டாம்" என்பேன். அவ்வளவுதான்.

பைபர் வள்ளம் வந்த பிறகு சின்னப் பையன்கள் சொன்னார்கள், இதில் தட்டுவது போதாது என்று. வள்ளம் முழுக்க பைபர்தான், ஆனால் இன்ஜின் மாட்டுகிற பின்பலகை மட்டும் உள்ளே மரம். மரத்தைச் சுற்றி பைபர் போட்டு மூடியிருப்பார்கள். இன்ஜினை இறுக்குகிற போல்ட் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் மரம் அழுகும், வெளியே தெரியாது. உங்களுக்குத் தெரியாததா? அதனால் வாங்க வருகிறவன் ஒரு துளை போட்டுப் பார்ப்பான். பொடி வெளுத்துக் காய்ந்து வந்தால் நல்ல பலகை. கறுத்து ஈரமாக வந்தால் போயிற்று. பார்த்த பிறகு அவனே ரெசின் வைத்து அடைத்துவிட வேண்டும். இது வாங்குகிறவன் உரிமை என்று ஆக்கிவிட்டார்கள். நான் ஒருநாளும் போட்டதில்லை. பெண் பார்க்கப் போகிறவன் பல்லைப் பிடித்தா பார்க்கிறான்?

தண்ணீர் குடிக்கிறீர்களா? அந்தச் சொம்பில் இருக்கிறது.

உங்களுக்கு முன்னே மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை, அதனால் சொல்கிறேன். முதலில் வந்தவன் தெற்கேயிருந்து. பின்பலகையைத் தட்டிவிட்டு, "மதமதன்னு கேக்கு பெரியவரே, உள்ள ஊறிப் போயிருக்கும். பாதி விலைக்குத் தாறியளா?" என்றான். என்னிடமே! தட்டுவதைப் பற்றி என்னிடமே சொல்கிறான்! "லேய், நீ பிறக்கிறதுக்கு முன்ன இருந்தே நான் தட்டிக்கிட்டு இருக்கேன். உன் மண்டையைத் தட்டிப் பாரு, அதுதான் மதமதன்னு கேக்கும்" என்றேன். எழுந்து போய்விட்டான்.

இரண்டாவது ஆள் நல்லவன். வள்ளத்தைச் சுற்றி வந்தான், விலையைக் கேட்டான், "சரி" என்றான். ஒரு லட்சத்துக்குச் சரி என்றான் தம்பி! நான்தான் அவனைக் கையைப் பிடித்து நிறுத்தி, "இந்த வள்ளத்திலதான் என் மகன் போனான்" என்று சொன்னேன். சொல்லாமல் விற்கலாமா? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "வீட்டுல கேட்டுட்டு வாறேன்" என்று போனவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது ஆள் உங்களைப் போல மிஷினோடு வந்தான். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

மருமகள் பெயர் விண்ணரசி. அதிர்ந்து பேசாத பிள்ளை. அன்றைக்கு மட்டும் சோற்றுப்பானையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "கொறைச்சுக் கேக்கிறவனையும் வெரட்டுதிய, கேட்டதைக் குடுக்கிறவனையும் வெரட்டுதிய. பெறவு யாருக்குத்தான் மாமா விக்கப் போறிய?" கோபத்தில் கேட்டது. பிள்ளைகள் கோபத்தில் பேசுவதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அவளுக்கு அவசரம். டவுனில், கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாள். பேத்தி அன்சியை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம். வீட்டுக்காரர் இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பாராம், அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவாராம். வள்ளம் விற்றால்தான் அட்வான்ஸ். நீங்கள் வாங்காமல் போனால் அந்த வீடும் போகும். நான் கேட்டேன், இங்கே வீடு இல்லையா, நான் இல்லையா என்று. அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "காலையில கதவைத் தொறந்தா இதுலதான மாமா முழிக்கேன்" என்றாள். வள்ளத்தைத்தான் சொன்னாள். என் பெண்சாதி லூர்து இருந்திருந்தால் இவளுக்குப் புத்தி சொல்லியிருப்பாள். அவள் போய்ப் பல வருஷம் ஆகிறது. மருமகளும் பேத்தியும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் இந்த வள்ளமும்தான். அது கிடக்கட்டும்.

வாங்கின கதையைச் சொல்கிறேன். விலை நியாயமா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இது பக்கத்துக் கரை லெயோனுடைய வள்ளம். லெயோன் எனக்குக் கும்பாதிரி. உங்கள் பக்கமும் வேதக்காரர்கள் உண்டே, தெரிந்திருக்கும். ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்துகிறவரும் பிள்ளையைப் பெற்றவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். என் மகன் ரெக்சனைக் கோயில் தொட்டிக்கு முன்னால் கையில் வாங்கினவர் அவர். கூடப்பிறந்தவனோடுகூடச் சண்டை போடலாம் தம்பி, கும்பாதிரியோடு ஒரு வார்த்தை தடித்துப் பேசக்கூடாது. அது எங்கள் கரையின் மரியாதை.

ரெக்சன் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். சொந்த வள்ளம் வேண்டும் என்றான். கல்யாணம் ஆகி, பிள்ளையும் பிறந்த பிறகு எவன்தான் கேட்க மாட்டான். லெயோன் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். பாஸ்கா, அதுதான் ஈஸ்டர், முடிந்த வாரம். பெரிய வியாழனிலிருந்து எங்கள் கரையில் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது, எல்லாம் மணலில்தான் கிடக்கும். லெயோன் அதற்கும் முன்னே, சாம்பல் புதனிலேயே ஏற்றிவிட்டார். தவக்காலம் முழுவதும் கடலுக்குப் போவதில்லை என்று நேர்ச்சை. வள்ளம் அத்தனை நாளும் வெயிலில் கிடந்தது.

இப்போது டீக்கடையில் சொல்கிறார்கள், நேர்ச்சையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, வள்ளத்தைக் காயவைக்கத்தான் அந்த வேலை என்று. காய்ந்த பலகையைத் தட்டினால் அழுகலும் நல்லதுபோலக் கேட்குமாம். ஒருத்தன் ஆண்டவருக்குக் கொடுத்த நேர்ச்சையைச் சந்தேகப்படுகிறவன் மனுஷனா? லெயோன் ஏமாற்றுகிற ஆள் இல்லை. அதைவிட, நான் ஏமாறுகிற ஆள் இல்லை.

தட்டினேன். கணீரென்றது. கோயில் மணி மாதிரி.

ரெக்சன் காதோடு வந்து, "அப்பா, ஒரு துளை போட்டுப் பாத்துருவோம்" என்றான். லெயோனுக்கும் கேட்டுவிட்டது. "போடுங்க கும்பாதிரி. தாராளமாப் போடுங்க. என் மகனிட்ட மிஷின் இருக்கு" என்றார். அவர் பெரிய மனுஷன், சொல்வார். அதற்காக நாம் போட்டுவிடலாமா? அவர் கையில் ஏந்தின பிள்ளை அவர் வள்ளத்தைத் துளைத்துப் பார்ப்பதா? அவர் பெண்சாதி உள்ளே எங்களுக்கு மீன் பொரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. எல்லார் முன்னாலும் மகனைச் சத்தம் போட்டேன். "என் முட்டியைவிட மிஷின் பெருசா லே? உன் ஞானத்தகப்பன் உனக்குக் கெட்டதைத் தருவாரா?" தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பிள்ளை. எதிர்த்துப் பேசி அறியாதவன். அன்றைக்கே முழு விலையும் கொடுத்தோம். குறைத்துக்கூடக் கேட்கவில்லை.

சரி, வாங்கிய வள்ளம் எப்படி இருந்தது? அதையும் சொல்கிறேன். மூன்று கச்சான் தாங்கியது. ஆடியில் அடிக்கிற கச்சான் காற்று என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். கெட்ட வள்ளமாக இருந்தால் முதல் ஆடியிலேயே காட்டியிருக்காதா? இடையில் ரெக்சன் ஒரு முறை சொன்னான், "அப்பா, வள்ளம் கனக்குது. முன்ன நாலு பேரு தள்ளினா ஏறும், இப்ப ஆறு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கு. தண்ணி குடிக்குதோ என்னமோ." "உங்களுக்குத் தெம்பு இல்ல லே. பரோட்டா தின்னு வளர்ந்த உடம்பு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

தப்பு எங்கே என்றால், அவன் பெரிய இன்ஜின் மாட்டினான். பழையது இழுக்கவில்லை என்று பெரியது வாங்கினான். வள்ளம் கனத்தால் இன்ஜின் இழுக்காதுதான். ஆனாலும் அந்தப் பலகைக்கு அந்த இன்ஜின் அதிகம். எவ்வளவு நல்ல பலகையானாலும் தாங்குமா? இதை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கோயில் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன், போலீஸ் கேட்டபோதும் சொன்னேன், விண்ணரசியிடமும் சொன்னேன். பிள்ளை செய்த தப்பு. என் பிள்ளைதான், ஆனாலும் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

போன ஆடியில் நடந்தது. கூட்டாளி கிறகோரி கூட இருந்தார், அவர் தப்பித்து வந்து சொன்னது. நண்டு வலையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது அலையில் ஏறி இறங்கினார்கள். பின்பலகை பாதி அப்படியே பிய்த்துக்கொண்டு இன்ஜினோடு கடலுக்குள் போயிற்று. இன்ஜின் விழுந்துவிடக் கூடாது என்று கயிறு கட்டி வைத்திருப்போமே, அந்தக் கயிறு. கிறகோரி கத்தியிருக்கிறார், "அறுத்து விடு மக்கா, போனாப் போவுது!" அவன் அறுக்கவில்லை. புது இன்ஜின். கையில் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருக்கிறான். வள்ளம் ஒரு பக்கம் அமிழ, இன்ஜின் கீழே இழுக்க... நீச்சல் தெரியாதவனா? மீனைவிட நன்றாக நீந்துவான். கயிறு கையில் இறுகிப்போயிற்று.

வள்ளம் முங்கியும் முங்காமலும் கிடந்தது. கிறகோரியை வேறு வள்ளக்காரர்கள் தூக்கினார்கள். அவனை மறுநாள்தான் எடுத்தார்கள். கயிறு அப்போதும் கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை தம்பி. மகன் போய் ஒரு மாதம் ஆகி, மாதப் பூசை வைத்த அன்றைக்கு லெயோன் வந்தார். வரட்டும், ஞானத்தகப்பன், வரத்தான் வேண்டும். பூசை முடிந்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு, ஊரே நிற்கிற இடத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சொன்னார், "நான் அன்னைக்கே துளை போட்டுப் பாக்கச் சொன்னனே கும்பாதிரி."

சாவு வீட்டில் சொல்கிற பேச்சா இது? மகனைப் பறிகொடுத்து நிற்கிறவனிடம் சொல்கிற பேச்சா? கையை உதறினேன். அன்றோடு அவரோடு பேச்சு முடிந்தது. கும்பாதிரியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கரை முழுக்க என்னைப் பேசுகிறது. டீக்கடையில் எவனுக்காவது கண்ணாடித் தம்ளர் விரிசல் விட்டிருந்தால், "சந்தியாகு தட்டின தம்ளரோ" என்கிறான். என் காதுபடவே சொல்கிறான். அதற்குப் பிறகு ஒரு ஆள் என்னை வள்ளம் பார்க்கக் கூப்பிட்டதில்லை.

பின்பலகையைச் சரி செய்ய டவுனிலிருந்து பைபர் வேலைக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள் விண்ணரசி. அவன் பார்த்துவிட்டு, "மிச்சம் இருக்கிற பலகையையும் வெட்டிப் பாக்கணும், உள்ள எப்படி இருக்குன்னு தெரியணும்" என்றான். அவனுக்கு வேலை வேண்டும், வெட்டத்தான் சொல்வான். அனுப்பிவிட்டேன். நானே பக்கத்தில் ஒரு புதுத் துண்டு வைத்து, மிச்சத்தோடு சேர்த்து, மேலே பைபர் பாயை விரித்து ரெசின் பூசி மூடினேன். பெயின்ட் அடித்தேன். எங்கே பழசு எங்கே புதுசு என்று காட்டுங்கள் பார்ப்போம். கை சுத்தம் அப்படி. உள்ளே பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் என்ன? எனக்குத் தெரிந்ததைப் பார்க்க வேண்டுமா?

இப்போது சொல்லுங்கள். இதைப் பாதி விலைக்கு விற்றால் கரை என்ன சொல்லும்?

வேன் வந்துவிட்டது. அவள்தான்.

வா அம்மா. இந்தத் தம்பி பாம்பன் பக்கத்திலிருந்து வந்திருக்கிறார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நான் அவரை விரட்டவில்லை. கேட்டுப் பார்.

கேட்டீர்களா தம்பி, என்னிடம் பேசாமல் உங்களிடம் பேசுகிறாள். "மிஷின் கொண்டாந்தியளா அண்ணே" என்று. அப்படியானால் கொண்டுவரச் சொன்னதே இவள்தானா? ஏன் தம்பி, இவ்வளவு நேரம் நான் பேசும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

விண்ணரசி, வேண்டாம். அது உன் புருஷனுடைய வள்ளம்.

"அதனாலதான் மாமா" என்கிறாள்.

நான் நகர மாட்டேன். இந்தப் பலகையில் முதுகைச் சாய்த்து நிற்கிறேன், பார்க்கலாம். முழு விலைக்கு நானே ஆள் பார்த்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துத் தருகிறேன். விலைக்காகத்தானே இதெல்லாம்? என்ன? விலைக்காக இல்லையா? சத்தமாகச் சொல். "அவிய செஞ்ச தப்புல போனாவளா, பலகை போயி போனாவளா, எனக்குத் தெரியணும். நாளைக்கு அன்சி கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்கிறாள்.

நான் சொன்னேனே அம்மா. பெரிய இன்ஜின் என்று சொன்னேனே.

கையை விடு. இறால் உரித்து உரித்துக் கை ஐஸாகக் கிடக்கிறது இவளுக்கு. சரி, நகர்ந்துவிட்டேன். போடுங்கள் தம்பி. முதலில் வெள்ளைப் பொடி வரும். அது பைபர், அது நான் பூசினது, அதைப் பார்த்து ஒன்றும் சொல்லக்கூடாது. இன்னும் உள்ளே போகட்டும். பொறுங்கள். அந்த இடம் வேண்டாம், கொஞ்சம் தள்ளி... போட்டுவிட்டீர்களா.

கறுப்பாக இருக்கிறது.

அது மழைத் தண்ணீர். போன ஐப்பசி முழுக்க மழையில் கிடந்த வள்ளம். கையில் எடுக்காதே விண்ணரசி. வாயில் வைக்காதே! பைத்தியமா உனக்கு? என்ன? உப்புக் கரிக்கிறதா? கடற்கரையில் பெய்கிற மழை கரிக்காமல் என்ன செய்யும்? தம்பி, நீங்கள் சொல்லுங்கள், கரிக்குமா கரிக்காதா?

என்னை விட்டு அவள் பக்கம் திரும்புகிறீர்கள். அவளிடம்தான் பேசுவீர்கள். முப்பதாயிரமா? பின்பக்கத்தை முழுக்க வெட்டி எறிந்துவிட்டுப் புதுசாகக் கட்ட வேண்டும், அதனால் முப்பதா? இவள் தலையாட்டுகிறாள். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. ஒரு ஐயாயிரம் கூட்டிக் கேட்கக்கூட இவளுக்கு வாய் வரவில்லை.

சரி. கொடுங்கள். அவள் கையிலேயே கொடுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை.

ஒன்றே ஒன்று தம்பி. வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளக் கரையில் ஆள் கூப்பிடுவீர்கள். வருகிறவன் எல்லாம் முதலில் அதைத்தான் கேட்பான், என்ன விலைக்கு முடிந்தது என்று. ஒரு லட்சம் என்று சொல்லுங்கள். உங்களுக்கு அதில் என்ன நஷ்டம்? வேறு கரைக்குப் போகிறவர். லெயோனுடைய ஆட்கள் நின்றால் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். அவர்கள் வருவதற்குள் அந்தத் துளையை நான் அடைத்துவிடுகிறேன். வீட்டில் ரெசின் இருக்கிறது. வெயில் இருக்கிறது, சீக்கிரம் இறுகிவிடும். மேலே கொஞ்சம் பெயின்ட் வைத்தால் ஒருத்தனுக்கும் தெரியாது.

விண்ணரசி, மணலில் ஏன் உட்கார்ந்துவிட்டாய்? எழுந்திரு அம்மா. ஆட்கள் வருவார்கள், முகத்தைத் துடை. நல்ல விலைக்குத்தானே போகிறது.